கட்டிலில் காய்ந்த புத்தகங்கள்

அந்தக் குடும்பத்தில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். கடைசி மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று மாமியார் வாய் நிறையக் கூப்பிட்ட பெயர் அது. தலை நரைத்து, மாடிப்படி ஏறினால் முழங்கால் முனகத் தொடங்கிய பிறகும் மாறவில்லை. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கணவரின் அண்ணன்கள் இருவரும் ஆளுக்கொரு திசையில் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். நாத்தனார் வேறொரு நகரத்தில் மகனோடு இருந்தாள். மிச்சம் இருந்தது அந்தப் பெரிய வீடும், சின்னவளும், அவள் வீட்டுக்காரரும்தான்.

மர வியாபாரத்தில் கொழித்த கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. வந்த மரத்தில் நல்லதையெல்லாம் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் மனுஷன் விற்றார் என்று போட்டி வியாபாரிகள் வயிறெரிந்தார்களாம். மாடிப்படியின் கைப்பிடியை ஒரு தரம் தடவிப் பார்த்தால், அந்த வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது என்று தெரியும். கீழே கூடம், இருபது பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, வடக்கு மூலையில் மாமியாரின் அறை. மாடி முழுக்க மாமனாரின் நூலகம். செடிகொடிகளின் படங்கள் அச்சிட்ட பெரிய பெரிய புத்தகங்கள், கடல் வரைபடங்கள், பயணக் கதைகள் என்று தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கு. மாமனார் பாதிதான் படித்தார் என்பார் அவள் வீட்டுக்காரர். "மீதி உங்களுக்குன்னு விட்டுட்டுப் போனார்" என்பாள் சின்னவள்.

மாமியார் இறந்த வருஷம் ஒரு கட்டிட காண்டிராக்டர் வந்தார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்றார். அண்ணன்கள் இருவரும் தலையாட்டினார்கள். "யானையைக் கட்டித் தீனி போட முடியுமாடா?" என்றார் பெரியவர். தம்பி பிடித்த பிடியை விடவில்லை. பேசி, கோபித்துக்கொண்டு, மறுபடி பேசி, கடைசியில் ஓர் அறக்கட்டளை அமைத்து வீட்டை அருங்காட்சியகமாக்குவது என்று முடிவாயிற்று. நாத்தனாரும் சம்மதித்தாள். அம்மாவின் அறையும் பார்வைக்குத் திறக்கப்படும் என்று காதில் விழும் வரைக்கும்தான் அந்தச் சம்மதம்.

"எங்க அம்மா கண்ணை மூடின கட்டிலை, போறவன் வர்றவன் எல்லாம் வேடிக்கை பாக்கணுமா? நல்லா இருக்குடி உன் நியாயம்!" என்று தொலைபேசியில் சின்னவளிடம் கத்திவிட்டு வைத்தவள், அதற்குப் பிறகு தம்பியோடு மட்டும்தான் பேசினாள். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சின்னவளும் பதில் சொல்லப் போகவில்லை. அந்தக் கட்டிலில் கிடந்தவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தது யார் என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. மாமியாருக்குச் செய்ததைச் சொல்லிக் காட்டினால் செய்ததே அசிங்கமாகிவிடும் என்று விழுங்கிவிட்டாள்.

வருஷங்கள் ஓடின. சின்னவள் வேறோர் ஊர் அருங்காட்சியகத்தில் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். எந்த ஜன்னலை எப்போது திறப்பது, மரத்தை எதனால் துடைப்பது, பூச்சி வந்தால் என்ன செய்வது என்று வீட்டை ஒரு குழந்தையைப் போல் பார்த்துக்கொண்டாள். பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டுவதும் அவள்தான். வீட்டுக்காரர் வாசலில் டிக்கெட் கொடுத்தார். "பேருக்கு ஏத்த வீட்டுக்காரர். காசில்லாம யாரையும் உள்ளே விடறதே இல்ல" என்று அவள் சிரிப்பாள். மொட்டை மாடியில் இருந்த பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டியை மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லும்போதெல்லாம், "அடுத்த மாசம் கண்டிப்பா" என்று அவர் சொல்வார். ஒவ்வொரு மாதத்துக்கும் அடுத்த மாதம் ஒன்று இருந்தது.

அப்படியிருக்கும்போது ஒருநாள் காலை, ஓய்வு பெற்ற நர்சுகள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கினார்கள். மாதத்துக்கொரு ஊர் சுற்றும் கூட்டமாம் அது. தலைவி போல் முன்னால் நின்ற பருத்த அம்மாளை எல்லாரும் மேட்ரன் என்றே கூப்பிட்டார்கள். வேலையை விட்டுப் பத்து வருஷமாகியும் அவர் திரும்பிப் பார்த்தால் வரிசை தானாக நேரானது. அந்த வரிசையின் கடைசியில், நர்சுகளோடு ஒட்டாமல், கைப்பையை இடுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றாள்.

"ஒரு டிக்கெட்" என்றாள் கூண்டுக்குள் கை நீட்டி.

குரலைக் கேட்டு நிமிர்ந்த வீட்டுக்காரருக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே தெரியவில்லை. "அக்கா! நீ எதுக்கு வரிசையில நிக்கறே? உள்ளே வா!"

"பாக்க வந்தவங்க எல்லாம் எப்படி வர்றாங்களோ அப்படித்தான் நானும். பையனுக்கு இந்த ஊர்ல வேலை இருந்துச்சு, கூட வந்தேன். சாயங்காலம் கிளம்பிடுவேன். குடு."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கூடத்தில் பேசத் தொடங்கிய சின்னவள், கூட்டத்தின் பின்னால் அந்த முகத்தைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நின்றுபோனாள். வாருங்கள் என்று ஓடிப் போய்க் கையைப் பிடிப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா? இரண்டும் முடியவில்லை. வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள். "இந்த வீட்டுல இருக்கற எதையும் தயவுசெஞ்சு தொட வேண்டாம். நம்ம கைப் பிசுக்கு மரத்துக்கும் காகிதத்துக்கும் ஆகாது."

நாத்தனார் நேராகப் போய் மாடிப்படிக் கைப்பிடியைத் தடவினாள்.

"அம்மா, தொடக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்று ஒரு நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்.

"சொன்னா சொல்லட்டும். இதுல சறுக்கி விழுந்து முன்பல்லை உடைச்சுக்கிட்டவ நான்."

அவ்வளவுதான். நர்சுகள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டுப் பெண்ணா? இங்கேயா பிறந்தீர்கள்? இத்தனை விளக்கையும் யார் துடைத்தார்கள்? சின்னவள் கொள்ளுத்தாத்தாவின் மர வியாபாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போக, காது கொடுத்தவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் நாத்தனாரின் முன்பல்லுக்குப் பின்னால் போய்விட்டார்கள். சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மாடியில் நூலகத்தின் கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாசனைதான். ஈரச் சுண்ணாம்பு வாசனை. அடுத்து ஒரு சத்தம், யாரோ அரிசியைக் கொட்டுவது போல. அறையின் நடுக்கூரை வயிறு உப்பியது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிளந்து, சுண்ணாம்பும் தண்ணீருமாகக் கீழே இருந்த மேசை மேல் கொட்டியது. பிளவு வழியே தண்ணீர் குழாயாய் இறங்கி, செடிகொடிப் புத்தகங்கள் இருந்த அடுக்குகளின் மேல் ஓடத் தொடங்கியது.

சின்னவள் அலறிய அலறல் வாசல் வரை கேட்டது. வீட்டுக்காரர் ஓடி வந்தார், பார்த்தார், மொட்டை மாடிக்குப் பாய்ந்தார். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் கூரைக்குள் உடைந்திருந்தது. அதை அடைக்கும் வால்வைத் திருகினார். துருப்பிடித்த கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் பிடித்தபடியே படியிறங்கி வந்து, "மோட்டாரை நிறுத்திட்டேன். ஆனா தொட்டி ரொம்பி நிக்குது. முழுசா இறங்கற வரைக்கும் நிக்காது" என்றார்.

"தோட்டத்துக் குழாயைத் திறந்து விடறதுதானேடா?" என்றாள் நாத்தனார்.

"எந்தக் குழாய்?"

"தொட்டியைக் கழுவினா தண்ணி வெளியே போற குழாய். பின்பக்கச் செவுத்தோரமா இறங்குது. வெயில் காலத்துல நாங்க அதைத் திறந்துவிட்டு ஆட்டம் போடுவோம்னு அப்பா பூட்டுப் போட்டு வெச்சாரே! உனக்கு எப்படித் தெரியும், நீ அப்போ தவழ்ந்துக்கிட்டிருந்தே." சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கத் தொடங்கிவிட்டாள். "சுத்தியல் எடுத்துக்கிட்டு வா!"

பின்பக்கச் சுவரோரம் செம்பருத்தி மண்டிக் கிடந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வயதில் அவள் புதருக்குள் நுழைந்தாள். கன்னத்தில் கிளை கீறியது. பூட்டைத் தம்பி உடைத்தார். அவளும் அவரும் இரண்டு நர்சுகளுமாகச் சேர்ந்து திருகியதில், அரை நூற்றாண்டாகத் தூங்கிய வால்வு ஒரு முறை அழுதுவிட்டு வழிவிட்டது. தண்ணீர் பீறிட்டுத் தோட்டத்தில் பாய்ந்தது. நால்வரும் தொப்பலாக நனைந்தார்கள்.

மாடியில் தண்ணீரின் வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. சின்னவள் நனைந்த புத்தகங்களின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பயிற்சியில் படித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

மேட்ரன் அவள் தோளில் கை வைத்தார். "பொறுங்கம்மா. முதல்ல சொல்லுங்க, இதுல ரொம்ப சீரியஸா இருக்கறது யாரு?"

அந்தக் கேள்வியில் சின்னவளுக்கு மூச்சு திரும்பியது. "அந்தப் பெரிய புத்தகங்கள். படம் இருக்கறது. அதுக்கப்புறம் வரைபடம். நாற்காலி, மேசையெல்லாம் கடைசியில பாத்துக்கலாம். நனைஞ்சதைத் திறக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. ஈரத்தோட அப்படியே தூக்கணும்."

"கேட்டீங்களா?" என்று மேட்ரன் திரும்பினார். "எலும்பு முறிஞ்ச கேஸ் மாதிரி தூக்குங்க. ரெண்டு கையும் அடியில. போர்வை எங்கே இருக்கு?"

அலமாரியிலிருந்த போர்வைகளும் விரிப்புகளும் வந்தன. நூலகத்திலிருந்து படி வழியாகக் கூடம் வரை நர்சுகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு புத்தகமும் விரிப்பில் ஏந்தப்பட்டுக் கைக்குக் கை மாறி இறங்கியது. சற்று முன் எதையும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவளே, "பிடிங்க, கெட்டியாப் பிடிங்க, கீழே இருக்கறவங்க கையை நீட்டுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் புத்தகத்தைப் பார்த்து, "ஒண்ணும் ஆகாது ராஜா, கொஞ்ச நேரம்தான்" என்று தேற்றினாள். பழக்க தோஷம்.

கூடம் நிரம்பிவிட்டது. சாப்பாட்டு மேசையும் நிரம்பிவிட்டது. கூடத்துச் சுவரில் மேலிருந்து ஈரம் கோடாக இறங்கத் தொடங்கியது. உலர்ந்திருந்த அறை வடக்கு மூலையில் ஒன்றுதான். சின்னவள் அதன் வாசலில், நனைந்த புத்தகத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். உள்ளே மாமியாரின் கட்டில், சுற்றிக் கயிறு கட்டி, மேலே வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் போர்த்தி. பக்கத்தில் நாத்தனார் வந்து நின்றாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. இத்தனை வருஷத்தில் அந்த அறை வாசலுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை.

"வேற இடம் பாக்கறேன் அக்கா" என்றாள் சின்னவள்.

நாத்தனார் கயிற்றைத் தானே அவிழ்த்தாள். "கட்டில்ல போடு. அப்பாவோட புத்தகத்தை அம்மா கட்டில்ல போட்டா அம்மா கோவிச்சுக்கப் போறாளா? உயிரோட இருந்தப்ப அவரு அங்கதானே குவிச்சு வெச்சிருந்தாரு."

கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தால் இரண்டு பக்கமிருந்தும் அடுக்கலாம் என்று மேட்ரன் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தது. பக்கவாட்டுச் சட்டத்தில் ஒரு கை பற்றும் அளவுக்கு மெத்தென்று பழைய வேட்டித் துணி சுற்றித் தைத்திருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி, நிற்பவர் முகம் தெரியாத உயரத்தில், சாய்வாக. மேட்ரன் தலையணை இருந்த இடத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல படுத்திருந்தவங்களை யாரோ ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டிருக்காங்க" என்றார் யாரிடமென்றில்லாமல். "பாக்கறவங்க இடுப்பு போகாம இருக்கக் கட்டை. புரளும்போது பிடிச்சுக்கத் துணி, கை உரசாம. இதோ, இந்தக் கண்ணாடியில படுத்தபடியே வாசல் கேட் தெரியுது. நாப்பது வருஷ சர்வீஸ்ல எனக்குத் தோணலையே இது!"

நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தாள். "அம்மா முகம் பாக்க மாட்டினதுன்னுல்ல நெனச்சிருந்தேன். இல்லையா?"

சின்னவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"கேட்டைப் பாத்து என்ன பண்ணுவா?"

"நீங்க வர்ற நாள்னா காலையிலேர்ந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க. ஆட்டோ வந்து நின்னதும் உங்களுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சிடும். 'வந்துட்டா, காபி போடு'ன்னு என்னைக் கூப்பிடுவாங்க. நீங்க உள்ளே வர்றப்போ தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவாங்க."

"ஏன்?"

"நீங்க வந்து எழுப்பணுமாம்."

நாத்தனார் சட்டத்தில் சுற்றியிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சின்னவளின் கையிலிருந்த ஈரப் புத்தகத்தை வாங்கிக் கட்டிலில் பதமாக வைத்தாள். வைத்துவிட்டு அந்தக் கையை விடவில்லை.

"பெத்தவளை நீ பாத்துக்கிட்டே. நான் உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு வாய்தான் பெருசு, சின்னவளே."

"விடுங்கக்கா, புத்தகம் நனையுது" என்றாள் சின்னவள். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பாள். வரிசை வாசலில் காத்திருந்தது.

மிகவும் நனைந்த புத்தகங்களை உடனே உறைய வைத்தால்தான் பூஞ்சை பிடிக்காது என்பது அதற்குள் சின்னவளுக்கு நினைவு வந்திருந்தது. அத்தனை பெரிய குளிர்பெட்டிக்கு எங்கே போவது? வீட்டுக்காரர் எதிர்ச்சாரியில் இருந்த ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் பெட்டியைக் காலி பண்ணத் தொடங்கிவிட்டார். வெளியே எடுத்த ஐஸ்கிரீமை என்ன செய்வது? நர்சுகளுக்குத்தான். மாமியாரின் அறை வாசலிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்து, சுண்ணாம்பு அப்பிய கைகளோடு, உருகுவதற்குள் தின்று தீர்த்தார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களை மேட்ரன் முறைத்தார். அன்றைக்கு மட்டும் அவர்கள் முறைப்பைக் கண்டுகொள்ளவில்லை.

கிளம்பும்போது சின்னவள் கைகூப்பினாள். "உங்களுக்கு வீட்டைச் சரியாச் சுத்திக்காட்டக்கூட இல்ல" என்றாள்.

"பொழுது போகணும்னு வந்தோம்" என்றார் மேட்ரன். "நல்லாவே போச்சு. இன்னொரு நாள் வர்றோம், மீதியையும் காட்டுங்க. ஆனா அதுக்குள்ள அந்தத் தொட்டியை இறக்கிடுங்க சார்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தொட்டி அந்த வாரமே இறங்கியது.

நாத்தனார் அன்று சாயங்காலம் ஊருக்குக் கிளம்பவில்லை. மகனை மட்டும் அனுப்பிவிட்டாள். ஒரு வாரம் என்றாள், ஒரு மாதமாயிற்று, பிறகு கணக்குப் பார்ப்பதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். அருங்காட்சியகம் மூடிக் கிடந்த அந்த நாட்களில், மாமியாரின் அறையில் மின்விசிறி ஓயாமல் ஓடியது. புத்தகங்கள் கட்டில் மேல் விசிறி போல் விரிந்து நின்று காய்ந்தன. இரண்டு பெண்களும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து, பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்து, ஈரமானதை எடுத்து, வேறு வைத்து, பேசிக்கொண்டே இருந்தார்கள். மாமியாரின் பிடிவாதங்களைப் பற்றி, அண்ணன்களின் மனைவிமாரைப் பற்றி, முழங்கால் தைலத்தைப் பற்றி. நர்சுகளும் முறை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பேராக வந்து போனார்கள். பஞ்சை எப்படி ஒற்றுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. நான்கு வரைபடங்கள் கூழாகிவிட்டன. செடிகொடிப் புத்தகங்களில் சிலவற்றின் அட்டை உப்பியது உப்பியதுதான். ஆனால் பார்க்க வந்த காகிதப் பாதுகாப்பு நிபுணர், அலமாரிகளையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு இத்தனை கை இல்லேன்னா, இன்னிக்கு நான் வந்திருக்கவே வேண்டாம்" என்றார். கூரையைத் திரும்பப் போட அண்ணன்கள் இருவரும் தம்பி கேட்காமலே உதவினார்கள். அக்கா அவர்களிடம் தொலைபேசியில் என்ன சொன்னாள் என்று தம்பி விசாரிக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்தே அவருக்குக் கேட்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து வீடு மறுபடி திறந்தது. மாமியாரின் அறையைக் காட்டும் வேலையை நாத்தனார் தன்னுடையதாக்கிக்கொண்டாள். கேட்டு வாங்கவுமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. போய் நின்றுகொண்டாள், அவ்வளவுதான். அங்கே போகிற கூட்டம் வெளியே வர நேரமாகிறது, அடுத்த கூட்டம் கூடத்தில் தேங்குகிறது என்று வீட்டுக்காரர் புலம்பினார். "நீங்களே போய்ச் சொல்லுங்க உங்க அக்காகிட்ட" என்றாள் சின்னவள். அவர் போகவில்லை.

ஒரு நாள் கடல் வரைபடங்களைப் பார்க்க மாடிக்குப் போகும் வழியில், அந்த அறையிலிருந்து வந்த குரலைக் கேட்டு அவள் நின்றாள்.

"இந்தக் கட்டை, இந்தத் துணி, இந்தக் கண்ணாடி, எல்லாம் என் தம்பி பொண்டாட்டி பண்ணினது" என்று நாத்தனார் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க அம்மாவுக்கு மகள் நான் ஒருத்திதான்னு இந்த ஊரே சொல்லும். அது தப்பு. ரெண்டு பேர்."

சின்னவள் உள்ளே போகவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை பேர் கையால் நிற்கிற வீடு இது, தன்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது. மேலே போனாள். நூலகத்தில் புதுக் கூரையின் கீழ் காற்று நன்றாக ஓடியது. மேற்கு ஜன்னலில் வெயில் புத்தகங்களைத் தொடும் நேரமாகியிருந்தது. திரையை இழுத்துவிட்டாள்.